கதவு திறக்கும் நேரம்

என் மகளின் வலது கால் கொலுசு குற்றாலம் ஐந்தருவியில் தொலைந்து போனபோது அவளுக்கு ஆறு வயது. பெண்கள் பக்கத்தில் அன்று நல்ல கூட்டம். அவளை என் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி நிறுத்தி, உச்சந்தலையில் என் உள்ளங்கையை வைத்து மூடி, பத்து எண்ணுவதற்குள் வெளியே இழுத்து வந்துவிட்டேன். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் துவட்டும்போது ஒரு கால் மட்டும்தான் சத்தம் போட்டது.

தென்காசி பஸ்ஸில் ஏறியும் அழுகை நிற்கவில்லை. பின் சீட்டிலிருந்த ஒரு அம்மா, "பிள்ளைய அடிச்சீங்களா?" என்று என்னைக் கேட்டார். அந்த வெட்கத்தில்தான் கதை வாயில் வந்தது. கொலுசு தொலையவில்லை என்றேன். அருவிக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது, குளிக்க வருகிறவர்கள் தவறவிடும் எல்லாமே அங்கேதான் போய்ச் சேரும்: சோப்பு டப்பா, ஒற்றைச் செருப்பு, மோதிரம், தாத்தாக்களின் பல்செட்டு.

அழுகை நின்றது. "பல்செட்ட யாரும்மா போட்டுக்கிடுவா?"

"குரங்குதான். வேற யாரு இருக்கா அங்கன."

அவள் சிரித்த சிரிப்பில் பின் சீட்டு அம்மாவும் சிரித்துவிட்டார். நான் புத்தகம் எழுதக் காரணம் இவ்வளவுதான். பெரிய கனவெல்லாம் எனக்கு இருந்ததில்லை. முதுகலை வரைக்கும் தமிழ் படித்தேன், கல்யாணத்துக்கு முன் ஒன்றரை வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன், அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் மகளின் டைரியில் கையெழுத்தும்தான்.

தினமும் கேட்டாள். தினமும் சொன்னேன். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொன்னால், "இல்லம்மா, அந்தப் பாலம் சோப்பாலதான் கட்டினது" என்று திருத்துவாள். நான் மறந்துவிடுகிறேனே என்ற பயத்தில்தான் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அவளுடைய யூ.கே.ஜி. நோட்டுகளில் பின்பக்கம் நிறைய மிச்சம் இருந்தது, நாலு கோடு போட்ட நோட்டு. மதியம் சோற்றுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடப் போகும்வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நாலு கோட்டுக்குள் எழுத்தை அடக்கி எழுதினேன். இரண்டு வருடத்தில் பதினோரு நோட்டு ஆனது. கொலுசைத் தேடிப் போகும் ஒரு பெண், பல்செட்டு போட்ட ஒரு குரங்கு, எல்லாப் பொருளையும் பிரித்து அடுக்கும் ஒரு ஊர்.

என் கணவர் போலீஸ்காரர். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் மெயின் அருவியில்தான் அவருக்கு டூட்டி. அங்கே குளிக்கிற இடத்துக்கு மேல் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். அதை எல்லோரும் ஆர்ச் என்றுதான் சொல்வோம். தண்ணீர் அதற்கு உள்பக்கமாக விழுந்தால் குளிக்கலாம். மலையில் மழை பெய்து, தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி வெளியே விழ ஆரம்பித்தால் ஒருவரையும் விடக் கூடாது. விசில் அடித்து அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றும்போது சொல்லும் முதல் வார்த்தையே அதுதான்: "இன்னிக்கி தாண்டல," அல்லது, "மூணு மணிக்கே ஆர்ச்சத் தாண்டிட்டு." அடுப்படியில் நின்றபடி அதைக் கேட்டுக் கேட்டே என் மனதில் ஒரு படம் உருவாகியிருந்தது. ஆயிரம் பேர் நின்ற இடத்தில் திடீரென்று ஒருவரும் இல்லை. தண்ணீர் மட்டும் தனியாக விழுந்துகொண்டிருக்கிறது.

அந்தப் படத்தை என் கதையில் வைத்தேன். அருவிக்குப் பின்னால் இருக்கும் ஊருக்குக் கதவு எப்போது திறக்கும் என்று மகள் கேட்டபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நோட்டில் இப்படி எழுதினேன்:

"தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டும். விசில் கேட்கும். எல்லோரும் ஓடுவார்கள். எண்ணெய் வாசனையும் ஈரத் துண்டுகளும் மட்டும் தரையில் மிஞ்சும். யாரும் பார்க்காத அந்த நேரத்தில்தான் அருவியின் நடுவில் கதவு திறக்கும். உள்ளே போக வேண்டுமானால், ஓடுகிறவர்களுக்கு எதிராக ஓட வேண்டும்."

எழுதி முடித்ததும் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். சந்தோஷத்தில். புத்தகம் முழுவதிலும் நான் நன்றாக எழுதியது அந்தப் பத்திதான் என்று அப்போதே தெரியும்.

இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. இன்னொன்றிலிருந்து, குழந்தைகளுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம் என்று வந்தது. சரி, விட்டுவிடலாம் என்று நினைத்தேன். "நீயே போடேன்" என்று என் கணவர்தான் சொன்னார். கதையை அவர் படித்திருக்கவில்லை. மகளுக்குச் சொல்லும்போது காதில் விழுந்த துண்டுகள்தான் அவருக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் தென்காசியிலேயே தனக்குத் தெரிந்த அச்சகத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்.

கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை விழா நோட்டீசும் அடிக்கிற அச்சகம் அது. புத்தகம் என்றதும் உரிமையாளர் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். "தங்கச்சி, நம்மகிட்ட வாரதுல முக்காவாசி வெறும் பேர்ப் பட்டியல்தான். கத அடிச்சு வருசமாச்சு." பிறகு அட்டைக்கு நான் வரைந்து கொண்டுபோன குரங்கைப் பார்த்தார். "பல்லு நல்லா வந்திருக்கு," என்றார். மூன்று முறை பிழை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் எழுத்தைத்தான் பார்த்தேன். ஒற்றுப் பார்த்தேன், கால்புள்ளி பார்த்தேன், குரங்கின் பல் எண்ணிக்கை எல்லா அத்தியாயத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை முந்நூறு பிரதிகளும் வீட்டுக்கு வந்தன. மகளின் பள்ளித் தலைமையாசிரியை ஐம்பது பிரதி கேட்டிருந்தார். வாசிப்பு வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகவும், திங்கட்கிழமை கொண்டு வந்தால் போதும் என்றும் சொல்லியிருந்தார். அதுவரை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமையே ஒன்றைப் பையில் ஒளித்து எடுத்துப் போய்த் தன் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கணவர் டூட்டி முடிந்து சிரித்துக்கொண்டே வந்தார். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, ஒன் புஸ்தகம் அருவி வரைக்கும் வந்துட்டு."

"என்ன சொல்லுதீங்க?"

"நம்ம பிள்ளகூடப் படிக்குதாள்லா, பாவூர்சத்திரத்துல காய்கறிக் கட வச்சிருக்காருல்லா, அவரு மவ. குடும்பத்தோட குளிக்க வந்திருந்தாவ. அந்தப் பிள்ள எங்கிட்ட வந்து, 'அங்கிள், தண்ணி எப்ப ஆர்ச்சத் தாண்டும்?'னு கேக்கா. எதுக்கும்மான்னேன். 'எல்லாரும் ஓடுன பெறவு உள்ள போகணும், ஆன்ட்டி புஸ்தகத்துல போட்டிருக்கு, தொலஞ்ச என் வாட்டர் பாட்டில் அங்கன இருக்கு'ங்கா. அவ அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கல."

அவரும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"என்ன, அப்பிடியா எழுதியிருக்க?" என்றார்.

ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தையும் நானே திருப்பிக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "ஓடுகிறவர்களுக்கு எதிராக ஓட வேண்டும்." புத்தகத்தை மேசைமேல் மெதுவாக வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "நான் நாள் முழுக்க வெளிய வா, வெளிய வான்னு விசில் ஊதுதேன். ஊதி ஊதித் தாடை வலிக்கி. பெரிய ஆளுகளே 'ஒரு நிமிசம் சார்'ங்காங்க. இதுல..." அதற்கு மேல் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார்.

எனக்கு இயல்பாகவே பயம் அதிகம். அது எனக்குத் தெரியும், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். சாரலில் மகளை வெளியே அனுப்பினால் காய்ச்சல் வரும் என்று பயப்படுவேன். ஆட்டோவில் அவள் ஓரத்தில் உட்கார்ந்தால் பயப்படுவேன். திராட்சையை நாலாக வெட்டிக் கொடுப்பேன், எட்டு வயதுப் பிள்ளைக்கு. அதனால் அன்று எனக்கு இருந்த கஷ்டம் இதுதான்: இது என் வழக்கமான நூறு பயங்களில் ஒன்றா, இல்லை அந்த நூறில் நிஜமான ஒன்றா? உள்ளுக்குள் இரண்டு குரல்களும் ஒரே மாதிரிதான் பேசுகின்றன. பிரித்துப் பார்க்க எனக்குப் பழக்கம் இல்லை.

என் அக்காவுக்கு போன் செய்தேன். "கதையில பிள்ளைக பறக்கவும்தான் செய்யுது. அதுக்காக மொட்ட மாடியில இருந்து எல்லாரும் குதிக்குதா? ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்டி," என்றாள். அது சரியாகத்தான் பட்டது. பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தேன். பிறகு தோன்றியது: வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு அருவி என்பது ஒரு கதை. இங்கே அது பஸ் போகிற இடம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்ச் தெரியும், விசில் சத்தம் தெரியும். அவர்கள் ஓட வேண்டிய நேரத்தை, உள்ளே போகும் நேரம் என்று நான் அச்சடித்து வைத்திருக்கிறேன். அதுவும் விசில் ஊதுகிறவரின் பெண்டாட்டி.

திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியைக்கு போன் செய்து இரண்டு நாள் தவணை கேட்டேன். ஏன் என்று சொல்லத் தைரியமில்லை, "சின்ன வேலை பாக்கி, மேடம்" என்றேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக அச்சகத்துக்குப் போனேன். முந்நூறு பிரதியையும் அப்படியே மூட்டை கட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட வழியில் நினைத்தேன். அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லி, விஷயத்தைக் கேட்டார். அவருக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

"நேரம் தப்பாப் போச்சு, அவ்வளவுதான?" என்றார்.

"நேரமா?"

"கதவு தெறக்குத நேரம். ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில முகூர்த்த நேரம் மாறிப்போனா என்ன செய்வோம்? ஐநூறு பத்திரிகையையும் தீயிலயா போடுவோம்? சரியான நேரத்தச் சீட்டா அடிச்சு மேல ஒட்டுவோம். பொண்ணு வீட்டுல எவனாவது ஒருத்தன் வெளிச்சத்துல பிடிச்சுப் பழைய நேரம் என்னன்னு பாப்பான். அதுக்குன்னே அட்டைத் தாள்ல அடிக்கது. நீ என்ன நேரம்னு மட்டும் எழுதிக் கொண்டா. அதே அளவுக்கு இருக்கணும், பாத்துக்கோ. ஒரு வரி கூடுனா படத்து மேல ஏறிரும்."

சீட்டு ஒட்டலாம். ஆனால் என்ன நேரம்? வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். காலை ஆறு மணி என்று வைத்தால் ஆறு மணிக்குப் போவார்கள். அம்மா கையைப் பிடித்திருந்தால்தான் திறக்கும் என்று எழுதினேன். அது கதை இல்லை, பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை. எனக்கே சகிக்கவில்லை.

அன்று மதியம் சாப்பிட வந்த என் கணவரிடம், தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டேன். "அங்கன ஒரு பிள்ளையும் தண்ணிக்குள்ள போக முடியாத நேரம் எது?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "தண்ணியே இல்லாத நேரம்தான். மார்ச் மாசம் வந்து பாரு. ஒரு ஈ காக்கா இருக்காது. கடையெல்லாம் தார்ப்பாய் போட்டுக் கட்டிருப்பான். எங்களுக்கும் டூட்டி கெடையாது. நூல் மாதிரி வடியும். அப்பந்தான் பாறையே தெரியும். அதுல ஒரு இடத்துல கதவு மாதிரியேதான் இருக்கும், பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. தென்காசியில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடத்தில் தண்ணீர் இல்லாத குற்றாலத்துக்கு நான் போனதே இல்லை. யார் போவார்கள்?

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். அவர் இன்னொரு கரண்டி கேட்டது காதில் விழுந்தது, ஆனால் எழுதி முடித்துவிட்டுத்தான் போட்டேன்.

"சீசன் முடியும். கடைகளைக் கட்டுவார்கள். அருவி ஒரு நூலாக வடியும் மார்ச் மாதத்தில், பாறை காய்ந்திருக்கும்போது கதவு தெரியும். தட்டினால் திறப்பார்கள். சீசனில் தட்டக் கூடாது. வந்து விழும் சாமான்களைப் பிரித்து அடுக்கவே உள்ளே நேரம் போதாது. கோபத்தில் குரங்கு கடித்துவிடும், இரண்டு செட் பல்லாலும்."

அளவு சரியாக வந்தது. இந்த விதி வேறு மூன்று இடங்களிலும் வருகிறது. அவற்றையும் மாற்றி எழுதி அன்றே அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, "முகூர்த்தம் நல்ல முகூர்த்தம்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து ஒட்டினோம். முதலில் பள்ளிக்கூடத்துக்கான ஐம்பது. ஒரு பிரதிக்கு நாலு சீட்டு. மைதா பசை காய்ச்சினால் கரப்பான் அரிக்குமோ என்று பயந்து கடைப் பசை வாங்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓரங்களை விரலால் அழுத்தினாள். ஐந்தாறு பிரதி ஆனதும் நிறுத்தினாள்.

"பழைய கததாம்மா நல்லாருக்கு."

"தெரியும்."

"பெறவு எதுக்கு மேல ஒட்டுத?"

பாதுகாப்பு, பொறுப்பு என்றெல்லாம் சொல்ல வாய் வரை வந்தது. "ஒன் ஃபிரண்டு அருவியில அப்பாகிட்ட என்ன கேட்டா தெரியுமா?" என்று ஆரம்பித்து, நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் புத்தகத்தைக் கொடுத்தது தான்தான் என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். "அவ நெசமாவே போயிருவா. அவளுக்கு எதுக்கும் பயம் கெடையாது," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

என் நல்ல பத்தியின் மேல் ஐம்பது முறை நானே அட்டையை ஒட்டினேன். முதல் பத்து முறை ஒட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒருமுறை படித்துவிட்டு ஒட்டினேன். பிறகு படிக்கவில்லை.

புதன்கிழமை ஐம்பது பிரதிகளையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். ஆனால் வெளியே இருந்த ஒரு பிரதி இன்னும் வெளியேதான் இருந்தது. சாயங்காலம் நாலு சீட்டையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு மகளோடு அந்தத் தோழியின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் அம்மா காபி கொடுத்தார். "உங்க புஸ்தகத்தக் கீழ வைக்க மாட்டேங்கா," என்றார். எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

பிறகு சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தார். நான் பத்தியைக் காட்டியதும், படித்துவிட்டுத் தன் மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தப் பெண் நான் ஒட்டுவதை உன்னிப்பாகப் பார்த்தாள். புதியதைச் சத்தமாக வாசித்தாள்.

"அப்பம் மார்ச்சு மாசம்தான் தொறப்பாங்களா, ஆன்ட்டி?"

"ஆமா."

"மொதல்ல ஏன் வேற மாதிரி போட்டீங்க?"

"தெரியாமப் போட்டுட்டேன். ஒங்க அங்கிளுக்குத்தான் சரியான நேரம் தெரியும். அவருதான அங்கன நிக்காரு. அவருகிட்ட கேட்டுட்டு வந்து மாத்தினேன்."

அதை அவள் ஏற்றுக்கொண்டாள். போலீஸ்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மிச்சம் இருந்த பிரதிகளையும் ஆகஸ்டுக்குள் ஒட்டி முடித்துவிட்டோம். ஒன்றே ஒன்றை மட்டும் ஒட்டாமல் வைத்தேன். அது பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. சரியா தப்பா என்று அதைப் பற்றியும் இரண்டு மூன்று முறை யோசித்திருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் மெயின் அருவிக்குப் போனோம். அவர் சாதாரணச் சட்டை போட்டிருந்தார். அவர் சொன்னது போலவே கடைகளெல்லாம் தார்ப்பாயால் கட்டிக் கிடந்தன. ஆர்ச்சின் கீழே தரை காய்ந்து வெளுத்திருந்தது. பாறையில் ஒரு ஓரமாகத் தண்ணீர் நூலாக வடிந்தது. ஒரு ஈ காக்கா இருக்காது என்றாரே, அது மட்டும் சரியில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். எல்லோரும் என் மகளின் பள்ளிக்கூடம். பாவூர்சத்திரக் கடைக்காரரின் மகள் எல்லோருக்கும் முன்னால் நின்று பாறையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைக் கூட்டி வந்த அப்பா அம்மாக்கள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, அலுத்துப்போய் நின்றார்கள்.

எனக்கு முதலில் தோன்றியது, பாறையில் பாசி இருக்குமே, வழுக்குமே என்றுதான். வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் என் கணவரைப் பார்த்துவிட்டாள்.

"அங்கிள், எம்புட்டு நேரமாத் தட்டுதோம். தொறக்கவே மாட்டேங்காங்க. உள்ள போலாமா, வேண்டாமா?"

என் மகள் என் கையை உதறிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய இடது காலில் அந்த ஒற்றைக் கொலுசைப் போட்டிருந்தாள். பத்தாமல் போய்விட்டதால் கறுப்புக் கயிறு வைத்து நீட்டிக் கட்டியிருந்தாள்.

என் கணவர் ஆர்ச்சை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பழக்கம்.

"போலாம், போலாம்," என்றார். "இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டுங்கட்டி."